சுண்ணக்கல் நிலத்திற் பன்னம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு முற்றங்களில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் குரோட்டனும் பெரிய கவனிப்பை வேண்டாமலே வளர்ந்துவிடுகின்றன. பன்னம் மட்டும் மாரியில் வாங்கி வைக்கப்பட்டு, தையிலும் மாசியிலும் பச்சைப்பசேலென நின்று, சோளகம் எழும்பிய சில கிழமைகளில் ஓரங் கருகி, ஆடிக்கு முன்னரே சாடியோடு மதிலோரத்துக்கு ஒதுக்கப்படுகிறது. இது வெக்கை நாடு, பன்னமோ குளிர் நாட்டுச் செடி என்பதே இத்தோல்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். உலகின் பன்ன இனங்களிற் பெரும்பாலானவை வெப்பவலய நாடுகளுக்கு உரியவை என்பதையும், குடாநாட்டின் பழைய கட்டுக் கிணறுகளின் உட்சுவர்களில் ஒருவரும் நடாத பன்னங்கள் தாமாகவே முளைத்துத் தழைக்கின்றன என்பதையும் சேர்த்து நோக்குவோருக்கு அவ்விளக்கம் போதாது என்பது விளங்கும். இங்கே பன்னத்தை வாட்டுவன ஓயாத காற்றும் நீரிலுள்ள உப்புமே; இவ்விரண்டையும் அறிந்து நடப்பவர்க்கு வெப்பம் பெரிய தடையாக இராது.

பூவும் விதையுமின்றி, தூள் போன்ற நுண்ணிய வித்திகளாற் பெருகுகின்ற, நீரையும் உணவையும் கடத்தும் கலன்களை உடைய தொன்மையான தாவரக் கூட்டமே பன்னம் எனப்படுகிறது. அதன் தண்டு பெரும்பாலும் மண்ணுக்குள்ளோ மண்ணை ஒட்டியோ கிடக்கும் வேர்த்தண்டுக்கிழங்காக அமைய, அதிலிருந்து எழும் இளம் இலைகள் நுனியிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு தோன்றிப் பின்னர் விரிகின்றன. முதிர்ந்த இலையின் கீழ்ப்புறத்தில் வரிசையாகக் காணப்படும் கபில நிறப் புள்ளிகள், வித்திகளைத் தாங்கும் வித்திக்கலன்களின் கூட்டங்களாகும். காற்றிற் பரவும் வித்தி ஈரமான இடத்தில் விழுந்து முளைக்கும்போது நேரடியாகப் பன்னச் செடி தோன்றுவதில்லை. சிறுவிரல் நகத்திலும் சிறிய, பெரும்பாலும் இதய வடிவான, மெல்லிய பச்சைத் தகடு ஒன்றே முதலில் உண்டாகிறது. புரோதலசு எனப்படும் இத்தகட்டிலேதான் ஆண், பெண் உறுப்புகள் தோன்றுகின்றன. ஆண் புணரி நீர்ப்படலம் ஒன்றினூடாக நீந்திச் சென்றே முட்டையை அடைகிறது. அக்கருக்கட்டலின் பின்னரே இலையும் வேரும் கொண்ட பன்னம் எழுகிறது. இவ்வாறு இரு தலைமுறைகள் மாறி மாறி வரும் ஒழுங்கை ஜேர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஹோப்மைஸ்ரர் 1851 ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தினார். பன்னத்தின் ஈர நாட்டம் இவ்வாறு அதன் பிறப்போடே பிணைந்தது என்பதால், அதை வெறும் தாகம் என்று கொண்டு வாளி வாளியாக நீர் ஊற்றுவது அச்செடியைத் தவறாக விளங்கிக்கொள்வதாகும்.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எதுவும் குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறு கூட மாரியில் மட்டுமே நீரோடுவது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையாக இருக்க, அதிற் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அம்மழை நீர் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் இறங்கித் தேங்க, அதனைத் தொட்டு நிற்கும் கிணறுகளே இம்மண்ணின் வாழ்வை நடத்துகின்றன. அத்தகைய கிணறு ஒன்றின் உட்புறத்தைப் பன்ன வளர்ப்பாளர் ஒருவர் ஊன்றிப் பார்ப்பாராயின், அவர் அறிய வேண்டியவற்றிற் பெரும்பாலானவற்றை அங்கேயே கண்டுகொள்ளலாம். நடுப்பகலில் மட்டும் சிறிது நேரம் எட்டிப் பார்க்கும் வெயில், எஞ்சிய பொழுதெல்லாம் வானத்திலிருந்து மெதுவாக இறங்கும் வெளிச்சம், கீழேயுள்ள நீரிலிருந்து இடைவிடாது எழும் ஈரம், மேலே வீசும் காற்று நுழைய முடியாத அமைதி, கல்லிடுக்கிற் படிந்த கைப்பிடி மண், அம்மண்ணில் ஒருபோதும் தேங்கி நிற்காமல் வழிந்துவிடும் நீர் ஆகிய அனைத்தும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. உரமிடுவோரும் இல்லை, இடம் மாற்றுவோரும் இல்லை.

சுண்ணாம்பு நிலத்திற் பன்னம் வளராது என்னும் எண்ணமும் கிணற்றுச் சுவரின் முன் நில்லாது. பன்னங்கள் அமிலத்தன்மையுள்ள இலைமக்கையே விரும்பும் என்று தோட்டக்கலை நூல்கள் கூறுவது பெரும்பாலான காட்டுப் பன்னங்களுக்குப் பொருந்தும். எனினும் சுண்ணாம்பை விரும்பித் தேடும் பன்னங்களும் உள்ளன. பழைய மதில்களின் சாந்து இடுக்குகளிலும் பாலங்களின் அடியிலும் முளைக்கின்ற, நீண்ட ஒடுங்கிய சிற்றிலைகளை ஏணிப்படிகள் போல இருபுறமும் அடுக்கிய தெரிஸ் விற்றாற்றா என்னும் இனம் அவற்றுள் ஒன்று. ஓரளவு வெயிலையும் தாங்கும் இவ்வினம், மண்ணிலுள்ள ஆசனிக்கு என்னும் நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளிற் பெருமளவிற் சேர்த்துவைப்பதென 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நஞ்சடைந்த நிலங்களைத் தூய்மையாக்க அதைப் பயன்படுத்தும் முயற்சிகள் அதன் பின்னரே எழுந்தன. கறுத்து மினுங்கும் மயிர் போன்ற காம்புகளும் விசிறி வடிவான சிற்றிலைகளும் கொண்ட அடியான்ரம் கப்பிலஸ் வெனெரிஸ் என்பது மற்றொன்று. சுண்ணாம்புப் பாறைக் கசிவுகளும் கிணற்றுச் சுவர்களும் அருவியோரங்களும் அதன் இயல்பான இருப்பிடங்களென உலகின் பல பகுதிகளிலும் அறியப்பட்டுள்ளது. குடாநாட்டில் நிழற் பன்னமொன்றை வளர்க்க விரும்புவோர் முதலில் நாட வேண்டியவை சுண்ணாம்போடு பகைமையற்ற இத்தகைய இனங்களே.

ஆயினும் வீட்டில் வளர்ப்பதற்கு எல்லாவற்றிலும் எளியது நெப்ரோலெப்பிஸ் இனமே என்பதில் ஐயமில்லை. இலங்கையின் உயர்தர உயிரியல் மாணவர்கள் பன்னத்துக்கு மாதிரியாகக் கற்கும் செடியும் இதுவே என்பதால், பலருக்கு இதன் பெயரேனும் பழக்கமானது. வாள் போல நீண்ட, இறகு வடிவான இலைகள் ஒரே அடியிலிருந்து கற்றையாக எழுந்து வளைந்து தொங்க, அடியிலிருந்து நூல் போன்ற ஓடுதண்டுகள் புறப்பட்டு மண்ணைத் தொடும் இடந்தோறும் புதுச் செடியைத் தோற்றுவிக்கின்றன. கோர்டிபோலியா என்னும் இனத்தின் ஓடுதண்டுகளில் கோலிக்குண்டளவான கிழங்குகளும் தோன்றும். இவை நீரைச் சேமித்து வைப்பதால் அவ்வினம் சில நாள் வறட்சியைத் தாங்கிக்கொள்ளும். உலகெங்கும் விறாந்தைகளில் தொங்கும் பொஸ்ரன் பன்னம், 1894 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலிருந்து பொஸ்ரன் பகுதிக்கு அனுப்பப்பட்ட நெப்ரோலெப்பிஸ் எக்சால்ராற்றா செடிகளிடையே தற்செயலாகக் காணப்பட்ட ஒரு வேறுபாட்டிலிருந்து பெருக்கப்பட்டதே.

இச்செடியை வளர்ப்போர் இரண்டு செய்திகளை அறிந்திராவிட்டால், நலமான செடியையே நோயுற்றதாக எண்ணி மருந்தடித்துக் கெடுத்துவிடக்கூடும். இலையின் மேற்புறத்தில் ஓரத்தை அடுத்துச் சிறு வெண்புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் தோன்றுவதுண்டு. நரம்புகளின் முனையிலுள்ள நுண்துளைகளினூடாகச் செடி வெளியேற்றும் நீர் உலர, அந்நீரிற் கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்துவிடுவதால் இப்புள்ளிகள் உண்டாகின்றன. இலையின் கீழ்ப்புறத்துக் கபிலப் புள்ளிகளோ முன்னர் கூறப்பட்ட வித்திக்கலன் கூட்டங்கள். இவை இரண்டும் நரம்புகளைப் பின்பற்றி ஒழுங்காக அமைந்திருக்க, செதிற்பூச்சியோ காம்புகளிலும் நடுநரம்பிலும் தாறுமாறாக ஒட்டியிருக்கும். நகத்தால் நெருடினால் எளிதிற் பெயர்ந்து வரும். பூச்சியே என்று உறுதியானால், ஈரத் துணியால் துடைத்தெடுத்து, மிகவும் கெட்ட இலைகளை அடியோடு வெட்டிவிடுவது போதுமானது; பன்ன இலைகள் எண்ணெய்க் கலவைகளையும் கடும் பூச்சிகொல்லிகளையும் பொறுப்பதில்லை.

சாடிக்குரிய மண்ணைப் பொறுத்தவரை வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணைத் தனியே நிரப்புவது பொருந்தாது. மரக்கறிக்கும் புகையிலைக்கும் பேர்போன அம்மண் சாடிக்குள் நாள்தோறும் நனைந்து உலர இறுகிவிட, பன்னத்தின் மயிர்போன்ற வேர்கள் மூச்சுவிட வழியின்றி அழுகும். தென்மராட்சியின் மணலோ ஈரத்தை நிறுத்திவைப்பதில்லை. ஆதலால் ஒரு பங்கு மண்ணுக்கு இரு பங்கு தும்புத்தூளும், ஒரு பங்கு நன்கு மக்கிய இலைக்குப்பையும், அரைப் பங்கு செங்கற் சல்லியும் சேர்த்துக் கலப்பது நன்று. பச்சை மாட்டெருவை அறவே தவிர்த்து, பழையதாயின் சிறிதளவு சேர்க்கலாம். தும்புத்தூளில் ஒரு கவனம் வேண்டும். கரையோரங்களில் உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து பெறப்படும் தூளில் உப்பு தங்கியிருக்கும். அதனை நன்னீரில் மூன்று நான்கு முறை அலசிப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். அடியில் ஓட்டுத் துண்டுகளை இட்டு, சாடியின் உட்சுவரை ஒட்டிப் பொச்சுமட்டைத் துண்டுகளை நார்ப்புறம் உள்ளே பார்க்கும்படி நிறுத்திவிட்டு நிரப்பினால், ஊற்றும் நீரை மட்டை உறிஞ்சி வைத்து வேர்களுக்கு மெதுவாக விடுகிறது. சுடுமண் சாடி காற்றை உள்ளே விடுவதால் வேருக்கு நல்லது. அதன் பக்கங்களினூடாக நீர் ஆவியாவதால் கோடையிற் கூடுதலாக நனைக்க வேண்டிவரும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நீரைப் பற்றியே மிகுதியாகச் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் குடாநாட்டின் நீர் ஆண்டு முழுதும் ஒரே நீராக இருப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லினுள் இறங்கும் மழை நீர், அடியிலுள்ள அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலின் பொதுக் கணிப்பு. மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே நாற்பது சாண் குறையும் என்பதே இதன் மறுபக்கம். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வமைப்பைக் கண்கூடாகக் காட்டுகிறது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் இவ்வில்லைக்கு இளைப்பாறும் நேரம் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த பின்னர் கோடையில் நன்னீர் மெலிய, உவர் மேலெழுவது பல ஊர்களிற் காணும் நிகழ்வாயிற்று. எனவே பன்னத்துக்கு மிகுந்த நீர் தேவைப்படும் ஆடி, ஆவணி மாதங்களிலேயே கிணற்று நீர் உப்புக் கூடியதாக அமைகிறது. ஊற்றும் நீர் ஆவியாக, உப்பு சாடியிலேயே தங்கி நாளுக்கு நாள் செறிவதால் இலை நுனிகள் கபிலமாகிக் கருகுகின்றன. அதைக் கண்டு நீர் போதவில்லையென்று எண்ணி மேலும் மேலும் சிறிது சிறிதாக ஊற்றுவது உப்பையே கூட்டுகிறது.

இதற்கு மாற்று மழை நீரைச் சேமிப்பதே. ஓட்டுக் கூரையின் பீலியிலிருந்து வழியும் கார்த்திகை, மார்கழி மழையை மூடிய தொட்டியிற் பிடித்து வைத்தால், சில சாடிகளுக்குக் கோடை முழுதும் அது காணும். நுளம்பு பெருகாதவாறு தொட்டியின் வாயை நுண்ணிய வலையால் மூடுவது கட்டாயம். அவ்வசதி இல்லாதோர் கிணற்று நீரையே பயன்படுத்தினாலும், மாதத்துக்கு ஒருமுறை சாடியின் அடித்துளையால் நெடுநேரம் வழியுமாறு நிறைய ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவிவிடலாம். மாரியிற் சாடிகளை மழையில் நனைய விடுவதற்கு ஈடான மருந்து வேறில்லை. சுண்ணாம்பு மிகுந்த நீரை நெடுங்காலம் ஊற்றுவதால் மண் காரத்தன்மை அடைய, இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிட்டாமற் போவதுண்டு. அப்போது இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளிக்கின்றன. வெண்பச்சை நோய் எனப்படும் இந்நிலையையும் மழை நீரும் புது இலைமக்கும் பெரும்பாலும் மாற்றிவிடும்.

உரத்தைப் பற்றி ஒரு சொல். செறிவான பயிர்ச்செய்கை நடக்கும் வலிகாமப் பகுதிகளிற் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, குடிநீருக்கென உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டங்களுக்கு இட்ட உரமும் மலசலக்குழிக் கசிவும் பாறை வெடிப்புகளினூடாக நீரில் இறங்கியதன் விளைவு அது. மனிதருக்கு, சிறப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, கவலைக்குரியது. அந்நீரைக் குடிக்கும் பன்னத்துக்கு மேலதிக நைதரசன் உரம் எதற்கு? அதன் மென்மையான வேர்களைக் கருக்குவதற்கு யூரியாவில் ஒரு சிட்டிகை போதும்.

இனிக் காற்று. குடாநாடு கடலால் சூழப்பட்டிருப்பதால் காற்றின் ஈரப்பதன் பொதுவாகக் குறைவானதல்ல. எனினும் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் சோளகம் இலையைச் சுற்றி அமைந்திருக்கும் மெல்லிய ஈரப் படலத்தைத் தொடர்ந்து துடைத்துக்கொண்டு போவதால், இலைவாய்களினூடாக நீர் இழக்கப்படும் ஆவியுயிர்ப்பு பன்மடங்கு விரைகிறது. பளையில் நிறுவப்பட்ட காற்றாலைகளைச் சுழற்றும் வலிமை கொண்ட அக்காற்றுக்கு நேரே, மாடிக் கைபிடியிலோ தெருவைப் பார்த்த விறாந்தையிலோ பன்னத்தைத் தொங்கவிடுவது அதற்குச் செய்யும் பெருந்தீங்கு. பழைய நாற்சார் வீடுகளின் நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், பன்னத்துக்கெனக் கட்டியது போன்ற இடம். அது இல்லாதவிடத்து, வாழையும் கமுகும் நிற்கும் கிணற்றடி அடுத்த தெரிவு. அங்கே குளிக்கும் நீர் மண்ணை எந்நேரமும் ஈரமாக வைத்திருக்க, வாழை இலைகள் வெயிலைத் தடுக்கின்றன. சவர்க்கார நீர் மட்டும் சாடியை அடையலாகாது. மேற்கும் தென்மேற்கும் திறந்த இடங்களில் கிடுகுத் தட்டி ஒன்றை நிறுத்தி, கோடையில் அதன் மேல் நாளுக்கு இருமுறை நீர் தெளித்தால் காற்றும் தணியும், தட்டியினூடாக வருவதும் குளிரும். நிழல்வலையும் உதவும், ஆயினும் வலை வெயிலைத் தடுக்கும் அளவுக்குக் காற்றைத் தடுப்பதில்லை என்பதை மறக்கலாகாது. சாடிகளை ஒன்றோடொன்று நெருக்கி வைப்பதும், கூழாங்கற்களும் நீரும் நிறைந்த தட்டத்தின் மேல், அடி நீரிற் படாதவாறு வைப்பதும் சுற்றுக் காற்றை ஈரமாக்கும். வெளிச்சம் நேர் வெயிலாக இல்லாமல், புத்தகம் ஒன்றைச் சிரமமின்றி வாசிக்கக்கூடிய அளவில் இருந்தால் போதும். அதற்கும் குறைந்த இருட்டில் இலைகள் நீண்டு வெளிறும்.

அடியான்ரம் போன்ற மெல்லிலைப் பன்னங்களுக்கு இவையும் போதாவிடில் கண்ணாடிப் பெட்டியை நாடலாம். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் 1829 ஆம் ஆண்டளவில் மூடிய போத்தல் ஒன்றினுள் ஈரமண்ணில் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை வைத்திருந்தபோது, அம்மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் தாமே முளைத்து நெடுங்காலம் வாழ்ந்ததைக் கண்டார்; நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்நகரில் அவர் வெளியே நட்ட பன்னங்களெல்லாம் முன்னரே மடிந்திருந்தன. அவ்வனுபவத்திலிருந்து உருவான வார்ட் பெட்டிகள் உலகின் பயிர் வரலாற்றையே மாற்றின. 1876 இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து 38 பெட்டிகளில் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர் நாற்றுகளும் அத்தகைய பெட்டிகளிலேயே கடல் கடந்தன. குடாநாட்டு வீட்டில் பயன்படாமற் கிடக்கும் மீன்தொட்டி ஒன்று இதே வேலையைச் செய்யும். அடியில் சல்லி, மேலே கலவை, வாயை முக்காற் பங்கு மூடும் கண்ணாடித் தகடு, இவையே தேவை. வெயில் படும் இடத்தில் மட்டும் வைக்கலாகாது, ஏனெனில் மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் ஏறிச் சில மணி நேரத்தில் செடியை அவித்துவிடும்.

நுவரெலியாவுக்குச் சென்று திரும்புவோர் அங்கிருந்து பன்னக் கன்றுகளைக் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. 1861 இல் சிங்கோனாப் பயிருக்காக அமைக்கப்பட்டு, இன்று பன்னத் தோட்டத்துக்குப் பேர்பெற்ற ஹக்கல பூங்காவின் அழகைக் கண்டவருக்கு அவ்வாசை எழுவது இயல்பே. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தின் குளிர் இரவுகளுக்குப் பழகிய இனங்கள் குடாநாட்டின் இரவு வெப்பத்திற் பிழைப்பது அரிது. இங்கேதான் வெப்பத்தைக் காரணமாகச் சொல்வது பொருத்தமாகிறது. காட்டிலிருந்து பிடுங்கிய செடியை வாங்குவதும், மரப்பன்னத்தின் தண்டைச் செதுக்கிய துண்டுகளைச் செடி வளர்க்க வாங்குவதும் அதனினும் வருந்தத்தக்கன. சயாத்தியா இன மரப்பன்னங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குரிய சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றவை. ஆளுயரத்துக்கு வளரப் பல ஆண்டுகள் எடுக்கும் அத்தண்டு செய்யும் வேலையை நம் வீட்டுப் பொச்சுமட்டையே செய்துவிடும்.

செடியைப் பெருக்குவதற்கு இலகுவான வழி, ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்த பின்னர் பழைய நெப்ரோலெப்பிஸ் கற்றையைச் சாடியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் வேரும் இளஞ்சுருளும் இருக்குமாறு கூரிய கத்தியாற் பிரித்து நடுவதே. வித்தியிலிருந்து வளர்க்க விரும்புவோருக்குப் பொறுமை வேண்டும், ஆனால் கிடைக்கும் மகிழ்ச்சி பெரிது. கபிலப் புள்ளிகள் நன்கு முதிர்ந்த இலைத்துண்டை வெள்ளைத் தாளினுள் மடித்து இரண்டொரு நாள் வைத்தால் மெல்லிய தூள் உதிர்ந்திருக்கும். செங்கல் ஒன்றைக் கொதிநீரில் நெடுநேரம் வேகவைத்து ஆறவிட்டு, பாதியளவு மழை நீரில் நிற்குமாறு பாத்திரமொன்றில் வைத்து, அத்தூளை அதன் மேல் தூவிக் கண்ணாடியால் மூடி நிழலில் விட வேண்டும். கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தினால் வித்தி முளைக்கும் முன்னரே கல்லின் மேல் சுண்ணாம்புப் படிவும் பாசியும் முந்திக்கொள்ளும். சில கிழமைகளிற் பச்சைப் படலமும், பின்னர் இதய வடிவத் தகடுகளும் தோன்றும். அக்கட்டத்தில் அவற்றின் மேல் நீர்த்துளிகள் படியுமாறு அவ்வப்போது தெளித்துவந்தால், ஆண் புணரிகள் நீந்துவதற்கு வேண்டிய நீர்ப்படலம் கிடைத்து, ஒவ்வொரு தகட்டிலிருந்தும் ஒரு சிற்றிலை நிமிரும். மூன்று நான்கு இலைகள் வந்த கன்றுகளைத் தனித்தனிச் சாடிகளுக்கு மாற்றி, மூடிய கண்ணாடியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். இவ்வேலை சித்திரைக்குள் முடியாவிட்டால் கன்றுகளைக் கண்ணாடிக்குள்ளேயே வைத்திருந்து, சோளகம் ஓய்ந்து அடுத்த மழை தொடங்கிய பின்னர் வெளியே எடுப்பது பாதுகாப்பானது.